வெள்ளிக்கிழமை மட்டும் கொடுத்த மருந்து

நம்ம காலத்துச் சாப்பாடு மாதிரி வருமா என்று என் வயதுக்காரர்கள் யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாண வீட்டில், செத்த வீட்டில், பென்ஷன் எடுக்க நிற்கிற வரிசையில், எங்கே போனாலும் இதே பேச்சு. மண்சட்டியில் வைத்த மீன் குழம்பாம், மாசி போட்டு இடித்த சம்பலாம், அதைத் தின்று வளர்ந்ததால்தான் நாமெல்லாம் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறோமாம். அந்த மீன் குழம்பை வைத்துக்கொண்டு என் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் கையிலுள்ள பிளேன்டீ ஆறிப்போகும். ஆறட்டும். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

எனக்கு அப்போது பத்து வயது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஆற்றை நோக்கி இறங்குகிற சந்தில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு குசினி. அப்பா மாநகரசபையில் கிளாக்கர். வெள்ளை லோங்ஸ், எண்ணெய் தேய்த்து வாரிய தலை, கையில் குடை. அம்மா வீட்டில். எனக்குக் கீழே மூன்று வயதுத் தம்பி. அந்த வருடம் மழைக்காலத்தில் சித்தப்பாவும் எங்களோடு வந்து சேர்ந்தார். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. முன்னறையில் நானும் தம்பியும் படுக்கிற பாய்க்குப் பக்கத்திலேயே அவருக்கும் ஒரு பாய்.

சித்தப்பா இருமினார். எல்லோரும்தான் இருமினோம், கண்டி மழைக்கு யார்தான் இருமவில்லை? "சளிதான் அண்ணி, துணித் தூசு" என்பார். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, தன் தட்டிலிருந்தே சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். தம்பி அவர் முகத்துக்கு நேரே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். இருமல் இரண்டு மாதம் தாண்டியது, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார், பிறகு ஒருநாள் வாயைப் பொத்தி இருமின கைலேஞ்சியில் ரத்தம். அப்போதுதான் அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சளிச் சோதனை செய்வித்தார்.

அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. "அது" என்றார்கள். "அதுதானாம்" என்று அப்பா வந்து சொன்னதும் அம்மா முதலில் செய்த வேலை ஜன்னலைச் சாத்தியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம். மூச்சு விடக் காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். சித்தப்பா ஆஸ்பத்திரி வார்டில் சேர்க்கப்பட்டார். அவருடைய நீலக்கரை இனாமல் கோப்பையை அம்மா கம்பியால் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவில் வைத்தாள். அது அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது.

பிறகு எங்கள் முறை. நோயாளி இருந்த வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி மார்பு கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு தம்பியைத் தூக்கிக்கொண்டாள். நான் கூடவே போனேன், ஏனென்றால் அம்மாவின் சிங்களம் தேங்காய் விலை கேட்கிற அளவுக்குத்தான். நான் சந்தில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி மணிமணியாகப் பேசுவேன். ஆனால் எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்தவர் அப்பா. அவர் எங்களோடு பஸ்ஸில் வந்தார், கிளினிக் வாசல் வரைக்கும் வந்தார், அதோடு நின்றுவிட்டார். எதிர்ப்பக்கத்து பஸ் ஹோல்ட்டில் குடையை விரித்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். மாநகரசபைக் கிளாக்கர் அந்த வரிசையில் நின்றதை யாராவது பார்த்துவிட்டால்? ஆக, பேசத் தெரிந்தவள் உள்ளே, படிக்கத் தெரிந்தவர் வெளியே. நடந்த அத்தனைக்கும் அங்கேதான் தொடக்கம் என்று எனக்கு இப்போது படுகிறது.

எனக்கு ஒன்றுமில்லை. தம்பியின் கையில் சோதனைக்காகக் குத்திய ஊசித் தடம் இரண்டு நாளில் தடித்து வீங்கியது. நெஞ்சுப் படத்தில் நோய் இல்லை, ஆனால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்றார்கள். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி குண்டாக, வெற்றிலை போட்ட உதட்டோடு இருப்பாள். அவள் என்னைத் தன் மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு, "துவே, அம்மாட்ட சொல்லு" என்று ஆரம்பித்தாள். மகளே என்றுதான் என்னை அழைப்பாள். நான் திரும்பி அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அம்மா, கள்ளன் வீட்டுக்குள்ள வந்து கட்டிலுக்கடியில படுத்திருக்கானாம். இன்னும் ஒண்ணும் களவெடுக்கலயாம். அவன் எந்திரிக்கிறதுக்கு முந்தி புடிச்சிறணுமாம். அதுக்குத்தான் இந்த மருந்தாம்."

"நோவில்லாத புள்ளைக்கி எதுக்கு மருந்துன்னு கேளு."

"அதான்மா, நோவு வராம இருக்கத்தான்."

தவிட்டு நிறப் போத்தலில் பாணி மருந்து. தோடம்பழ வாசம். கூடவே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி, நடுவில் ஒரு கோடு. மிஸ்ஸி சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே ஒப்பிப்பேன். தினமும் காலையில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, வெறும் வயிற்றில். இந்தக் கரண்டியால் மட்டும், இந்தக் கோடு வரைக்கும் மட்டும், குசினிக் கரண்டி கூடாது. கூடவே ஒரு சின்ன விட்டமின் குளிசை, கைகால் விறைக்காமல் இருக்க. போத்தலை வெளிச்சம் படாமல், பிள்ளை கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். ஆறு மாதம், ஒரு நாள் விடக்கூடாது. வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தால், கண் மஞ்சளானால், வேறு எது நடந்தாலும் உடனே இங்கே வரவேண்டும். "நீங்களாக நிறுத்தக்கூடாது" என்று இரண்டு தரம் சொன்னாள். நான் இரண்டு தரம் மொழிபெயர்த்தேன். சத்து உள்ள சாப்பாடு கொடுக்கச் சொன்னார் டாக்டர். பால், முட்டை, மீன்.

மிஸ்ஸியின் தலைக்குமேலே சுவரில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாலு வரி சிங்களம், அதன் கீழே நீலப் பேனையால் வரைந்த ஒரு பெரிய மீன். அம்மா அதைக் கண்ணால் காட்டி, "பாரு, படம் போட்டே சொல்லியிருக்காங்க, மீன் குடுக்கணும்னு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வெளியே வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இத்தனை உத்தரவிலும் அப்பாவின் மனசில் ஒட்டிக்கொண்டது மீன் ஒன்றுதான். அன்று முதல் எங்கள் வீட்டில் தினமும் மீன். மடவளையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் நானா சந்து முனையில் ஹார்ன் அடித்தால் அப்பாவே இறங்கிப் போவார். கறுத்து மினுங்கும் பலயா, சூரை மீனில் ஒரு வகை. "பாருங்க ஐயா, கண்ணு முழிச்சிக்கிட்டு ஒங்களத்தான் பாக்குது" என்பார் நானா. கடலிலிருந்து கண்டி மலைக்கு லொறியில் ஏறி வருவதற்குள் அந்த மீனுக்கு ஒரு வயது கூடியிருக்கும், அது யாரைப் பார்க்கப் போகிறது? கொறுக்காப்புளி போட்டு அம்மா குழம்பு வைப்பாள். மணம் சந்து முழுக்க நிற்கும். மனசாரச் சொல்கிறேன், ருசியாகத்தான் இருந்தது.

மருந்து தொடங்கி மூன்றாம் நாள் மத்தியானம். தம்பி சாப்பிட்டுவிட்டுக் குசினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "அம்மா, காது சுடுது" என்றான். பார்த்தால் இரண்டு காதும் செக்கச்செவேலென்று இருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கன்னத்துக்கு வந்தது, கழுத்துக்கு இறங்கியது, கண் ரத்தமாகியது. தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நெஞ்சில் கை வைத்தால் உள்ளே கடகடவென்று அடித்தது. அம்மா கத்தின கத்தலில் அப்பாவின் அக்கா, டவுனிலிருந்து எங்களோடு சில நாள் தங்க வந்திருந்த அத்தை, முன்னறையிலிருந்து ஓடிவந்தாள்.

"மருந்து சூடு" என்றாள் அத்தை. பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். வைத்தியம் படிக்கிறவர்கள் வருடக்கணக்கில் எதற்குப் படிக்கிறார்களோ!

செவ்விளநீர் கொடுத்தார்கள், உச்சியில் நல்லெண்ணெய் வைத்தார்கள். சாயங்காலம் தானாகவே வடிந்தது. மறுநாள் மத்தியானம் மறுபடி. அதற்கு மறுநாளும். கிளினிக்குக்குப் போய்க் கேட்போமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். அப்பா துள்ளிக் குதித்தார். "போனா சும்மா விடுவாங்களா? சுகாதாரம் பாக்குற பீ.எச்.ஐ. மாத்தயாவ வீட்டுக்கு அனுப்புவாங்க. மோட்டார் சைக்கிள் வாசல்ல நின்னா சந்து முழுக்க தெரிஞ்சிரும். நாள் கட்டி வரச் சொன்ன அன்னைக்கிப் போவோம்."

அடுத்து வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. சும்மா மரக்கறி இல்லை, சுத்த மரக்கறி. சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள்கூட விழக்கூடாது. அதற்கென்றே தனி மண்சட்டி, தனி அகப்பை, பரணில் துணி சுற்றி இருக்கும். அன்றைக்கும் அம்மா காலையில் தம்பிக்கு மருந்து கொடுத்தாள். மத்தியானம் பருப்பும் பூசணிக்காயும் சாப்பிட்டான். ஒன்றுமே இல்லை! முகம் பால் மாதிரி இருந்தது. பந்தை உருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா? அம்மன் நாள்ல மருந்து அடங்கி ஒடுங்கி நிக்குது. ஆத்தா கண்ணக் காட்டிட்டா."

சனிக்கிழமை மீன், முகம் சிவப்பு. ஞாயிறு மீன், சிவப்பு. அடுத்த வெள்ளி, பால் மாதிரி. இனி என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த வெள்ளிக்கிழமை முன்னறையில் தீர்ப்பு எழுதப்பட்டது.

"மத்த நாள்ல குடுக்க வேணாம். வெள்ளிக்கெழம குளிப்பாட்டி, துன்னூறு பூசி, சாமி படத்துக்கு முன்னால வச்சிக் குடு" என்றாள் அத்தை.

"மிஸ்ஸி ஒரு நாளும் விடக்கூடாதுன்னாங்களே."

"அந்த மிஸ்ஸியா பெத்தா ஒன் புள்ளய?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். "நல்ல நாள்ல குடுத்தா ஒரு நாள் பத்து நாளுக்குச் சமம்தான்" என்றார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிற மனுஷன். நாலு பேர் பெட்டிஷன் எழுத வந்து காத்திருக்கிற மனுஷன். அவர் வாயிலிருந்து இது வந்தது.

மருந்து நின்றதும் தம்பியின் முகம் சிவப்பதும் நின்றுவிட்டது. மீனோ தினமும் தின்றான். "சொன்னேன்ல?" என்றாள் அத்தை. யாரால் மறுக்க முடியும்?

ஆனால் போத்தலில் மருந்து குறையவில்லை. மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போகும்போது மிஸ்ஸி போத்தலைக் கேட்பாள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் காலையில் அந்த வெள்ளைக் கரண்டியில், கோடு வரைக்கும் சரியாக அளந்து, பின்வளவுச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றுவது. அந்த வேலை எனக்கு. பள்ளிக்கூடச் சட்டை போட்டுக்கொண்டு, புத்தகப் பையோடு போய் ஊற்றுவேன். பாணி இனிப்பு. ஊற்றின இடத்துக்கு எறும்பு சாரை சாரையாக வரும். கட்டுகஸ்தோட்டையில் அந்த வருடம் "அது" அண்டாமல் முழுப் பாதுகாப்பு பெற்றவை எங்கள் வீட்டு எறும்புகள்தான்.

கிளினிக்கில் மிஸ்ஸி காலிப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தினமும் கொடுத்தீர்களா என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். "குடுத்தோம்னு சொல்லு" என்றாள் அம்மா. நான் சொன்னேன். பொய்யைக்கூட நல்ல சிங்களத்தில் சொன்னேன். மிஸ்ஸி என் கன்னத்தைத் தட்டி, கெட்டிக்காரி என்று ஒரு டொஃபி கொடுத்தாள். அதை நான் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து சித்தப்பா வார்டிலிருந்து வந்தார். சளியில் கிருமி இல்லை, இனிப் பயமில்லை, ஆனால் குளிசையை விடாமல் முடிக்கவேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். அம்மா புதுக் கோப்பை வாங்கி வைத்திருந்தாள். வந்த அன்று பெரிய பலயா. சித்தப்பா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் அவர் காது சிவந்தது. பிறகு கன்னம். பிறகு கழுத்து.

"அடேயப்பா, ரத்தம் ஊறுது பாரு!" என்று அம்மா பூரித்துப்போனாள். அப்பா சித்தப்பாவின் முதுகில் தட்டினார். சித்தப்பா, "தல இடிக்கிது அண்ணி" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தார். அது பயணக் களைப்பாம்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே காது, அதே கன்னம், அதே தலையிடி. தம்பிக்கு வந்தால் விஷம், சித்தப்பாவுக்கு வந்தால் ரத்தமா? சித்தப்பாவும் அதே மருந்தைத்தான் குளிசையாகக் குடிக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பாவை விடாமல் கவனித்தேன். காலையில் குளிசை போட்டார், மத்தியானம் வாழைக்காய்க் கறி. சிவக்கவில்லை. அம்மன் துணிக்கடைக்காரருக்கும் கண்ணைக் காட்டுவாளா? குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, மருந்து இல்லம்மா. மீனும்மா! மருந்தும் குடிச்சு மீனும் தின்னாத்தான் செவக்குது. வெள்ளிக்கெழம மீன் இல்ல, அதான் செவக்கல."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மீனா? நீ திங்கிற, நான் திங்கிறேன், நமக்கு வரல?"

"நாம மருந்து குடிக்கலயே!"

முன்னறையிலிருந்து அப்பா சிரித்தார். "டாக்டரம்மா வந்துட்டாங்க. டாக்டரே மீன் குடுக்கச் சொல்லியிருக்காரு, சுவத்துல படம் வேற போட்டிருக்காங்களாம். போய் கணக்குப் பாடத்தப் பாரு."

அத்தோடு சரி. பத்து வயதுப் பெண்பிள்ளை சொன்னால் அவ்வளவுதான் மரியாதை.

மூன்றாம் மாதக் கிளினிக். மிஸ்ஸி வழக்கம்போலப் போத்தலைப் பார்த்தாள், கேட்டாள், நான் பொய் சொன்னேன். ஆனால் அன்றைக்கு மனசில் ஒரு தீர்மானத்தோடு போயிருந்தேன். "மிஸ்ஸி, மாலு..." என்று தொடங்கிவிட்டேன். மாலு என்றால் மீன் என்கிற அளவுக்கு அம்மாவுக்கும் சிங்களம் தெரியும். மேசைக்கடியில் என் தொடையில் அம்மாவின் நகம் இறங்கியது.

"என்ன துவே, மீனுக்கு என்ன?" என்றாள் மிஸ்ஸி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தலைக்குமேல் இருந்த தாளைப் பார்த்தேன். "அந்த மீன் படம் நல்லா இருக்கு" என்று சொன்னேன்.

மிஸ்ஸிக்கு ஒரே சந்தோஷம். "நான்தான் வரைந்தேன்" என்றாள். இன்னொரு டொஃபி கொடுத்தாள். அதை நான் பஸ் ஜன்னலால் வீசிவிட்டேன்.

ஐந்தாம் மாதம் தம்பி சோர்ந்து போனான். பந்தை உருட்டிவிட்டால் பார்த்துக்கொண்டே இருப்பான், எடுக்கப் போகமாட்டான். விட்டுவிட்டுக் காய்ச்சல். பல் முளைக்கிறது என்றாள் அத்தை. மூன்று வயதில் என்ன பல் முளைக்கும்? பிறகு சத்தி. ஒருநாள் காலையில் கழுத்து விறைத்து, கண் மேலே செருகி, அம்மாவையே யாரென்று தெரியாமல் கிடந்தான். அன்று அப்பாவும் வந்தார். குடை இல்லாமல், வாராத தலையோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் காரை மறித்தார். ஊர் பார்த்தது. பார்க்கட்டும், இனி என்ன?

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி மூளை உறைக்குப் போய்விட்டதாம். கள்ளன் எழும்பிவிட்டான். தம்பியின் மருந்துச் சீட்டு கிளினிக்கில் இருந்தது, எடுத்து வரச் சொன்னார்கள். அப்பா போனார், மிஸ்ஸிக்கு என்னைத்தானே தெரியும் என்று அம்மா என்னையும் அனுப்பினாள். முதல் தடவையாக அப்பா அந்த வாசற்படியைத் தாண்டினார். மிஸ்ஸி சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் பழக்கம், எழுத்தைக் கண்டால் படித்துவிடுவார். உதடு அசைந்தது. பிறகு எனக்காகவோ தனக்காகவோ தெரியாது, மெல்லத் தமிழில் சொன்னார்.

"இந்த மருந்து குடிக்கிறவங்க பலயா, கெலவல்லா மீன் சாப்பிட வேணாம். மத்த மீன் சாப்பிடலாம். சாப்பிட்டு மொகம் செவந்தா, தலையிடிச்சா, வந்து சொல்லுங்க. மருந்த நிப்பாட்டாதீங்க."

அவ்வளவுதான் அந்த நாலு வரியும்.

அப்பா பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். மிஸ்ஸி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரிலிருந்த மீனைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

தம்பி பிழைத்தான். மாதக்கணக்கில் ஊசி, குளிசை. வீட்டுக்கு வந்தபோது மறுபடி நடை பழகினான். ஒருநாள் அவன் வாசலில் உட்கார்ந்திருக்க, எனக்குப் பின்னால் அம்மாவின் கையிலிருந்து பித்தளைச் செம்பு விழுந்தது. படியெல்லாம் உருண்டு கணகணவென்று போனது. நான் துள்ளினேன். தம்பி திரும்பவே இல்லை. அம்மா அவன் பின்னால் நின்று கை தட்டினாள். மறுபடி தட்டினாள். காய்ச்சலால் போனதா, அந்தக் காலத்து ஊசியால் போனதா என்று இன்றுவரைக்கும் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. எதனால் போனால் என்ன, மருந்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இரண்டுமே வந்திராது.

சித்தப்பா? பலயாவை நிறுத்தினார், குளிசையைக் கடைசி நாள் வரைக்கும் முடித்தார், கல்யாணம் செய்து பேரப்பிள்ளை கண்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். நோயாளி சுகமானார், நோயில்லாத பிள்ளை செவிடானான். அத்தை கடைசிவரை விதி என்றாள். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மா மீன் சட்டியைத் தூக்கி ஆற்றில் எறிந்தாள். வெள்ளிக்கிழமைச் சட்டி பரணிலிருந்து இறங்கி ஏழு நாளும் அடுப்பில் ஏறியது. சாகும்வரை அவள் மீனைத் தொடவில்லை. நேர்த்திக்கடன் என்று ஊர் நினைத்தது, தம்பியும் அப்படித்தான் நினைத்தான். அந்த வெள்ளைக் கரண்டியை நான் ஒளித்து வைத்திருந்தேன். எத்தனையோ வீடு மாறியதில் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

இனிப் போன மாதத்துக்கு வருகிறேன்.

தம்பி இப்போது திகனையில் மகள் வீட்டோடு இருக்கிறான். தையல்காரன். கழுத்தில் அளவெடுக்கிற இஞ்ச் நாடா, சட்டைப்பையில் சோக்குக்கட்டியும் ஒரு கொப்பியும். யாராவது ஏதும் சொல்லவேண்டுமென்றால் அந்தக் கொப்பியில் எழுதிக் காட்டவேண்டும். அவன் வாயால் பதில் சொல்வான், கொஞ்சம் சத்தமாக. அவனுடைய மருமகனுக்கு அது. இப்போது பெயரைச் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறேன்: காசநோய். மருந்து எடுக்கிறான், தேறிவிட்டான். அவர்களுடைய சின்னப் பிள்ளைக்கு, தம்பியின் பேரனுக்கு, மூன்று வயது. ஒரு நாள் மத்தியானம் தம்பி மகள் எனக்கு போன் எடுத்தாள்.

"அத்தை, புள்ளைக்கி கிளினிக்ல பாணி மருந்து குடுத்தாங்கல்ல, நோவு வராம இருக்க. நாலு நாளா மத்தியானமானா காதெல்லாம் செவந்து அழுவுறான். மருந்து ஒத்துக்கல போல. நிப்பாட்டிருவமா?"

"மத்தியானம் என்ன கறி?" என்றேன்.

"நான் மருந்தப் பத்திக் கேக்குறேன் அத்தை, நீங்க..."

"என்ன கறின்னு கேட்டேன்டி!"

"கெலவல்லா. இவருக்கு சத்து வேணும்னு தெனம் வாங்குறோம். ஏன்?"

"மருந்த நிப்பாட்டாத. மீன நிப்பாட்டு. இப்பவே கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேளு. அவங்க ஒரு கடதாசி குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. எங்கயோ வச்சேன்..."

அடுத்த பஸ்ஸில் கண்டிக்கு ஏறி, அங்கிருந்து திகனைக்குப் போனேன். கடதாசி ஃப்ரிட்ஜுக்கு மேலே கரண்ட் பில்லுக்கு அடியில் இருந்தது. மூன்று மொழியிலும் அச்சடித்து, மீன் பெயரெல்லாம் போட்டு, வழவழவென்று இருந்தது. ஒருத்தரும் திறந்தே பார்க்கவில்லை. மூன்று பேரும் படித்தவர்கள்! கிளினிக்கிலும் நான் சொன்னதையேதான் சொல்லியிருந்தார்கள். நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுங்கள், மருந்தைத் தொடருங்கள் என்று. தம்பி மகள் அழுதுவிட்டாள். திட்டத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை.

தம்பி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னவாம்?" என்றான்.

கொப்பியை வாங்கினேன். முதலில் இன்றைக்கு நடந்ததை எழுதினேன். பிறகு கை நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை, பலயா, சுவர்த் தாள், செவ்வரத்தைச் செடி, டொஃபி, எல்லாவற்றையும் எழுதினேன். நாலு பக்கம் போனது. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் படித்தான்.

"அம்மா மீன் திங்காம இருந்தது இதுக்கா?"

நான் தலையாட்டினேன்.

"நீயா ஊத்துன?"

தலையாட்டினேன்.

கொப்பியை மூடினான். எழுந்து வெளியே போனான். மதிலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றான். தம்பி மகள் கூப்பிடப் போனாள், நான் தடுத்தேன். திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. அலுமாரியைத் திறந்து மருந்துப் போத்தலை எடுத்தான், சட்டைப்பையிலிருந்த சோக்குக்கட்டியால் மருந்து நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போட்டான். தம்பி மகள் சிரிக்கப் பார்த்தாள். "சரிப்பா, நாளைக்கி அந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கியிருக்கும்" என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"கோட்டுக்குக் கீழ எறங்குனா போதாது" என்றான் தம்பி, வீடு முழுக்கக் கேட்கிற அவனுடைய குரலில், என்னையே பார்த்துக்கொண்டு. "செடிக்கி ஊத்துனாலும் எறங்கும். புள்ள தொண்டையில எறங்குறத நான் கண்ணால பாக்கணும்."

அன்றைக்கு நான் அங்கேயே தங்கினேன். காலையில் அவன்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். அளக்கிற கரண்டியை என்னிடம் நீட்டினான். கோடு வரைக்கும் ஊற்றினேன், ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிள்ளை குடித்ததும் தம்பி அவன் நாடியைப் பிடித்து நிமிர்த்தினான்.

"வாயத் தொறந்து காட்டு."